சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் என்ன மிச்சம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுக் குறிப்புகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் கும்பகோணத்துக்காரி. ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் 26 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். டீச்சர் இல்லை. டீச்சர்கள் பாடம் நடத்திவிட்டுப் போன பிறகு பியூரெட் கழுவி வைத்தவள். அதனால் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் இருக்காது.

குறிப்பு எண் நான்கு. ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, கால் கப் வினிகர், அரை எலுமிச்சம்பழச் சாறு, மூன்றையும் ஒரு பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி வைத்துக்கொண்டால் வீட்டில் எந்தக் கறையும் போய்விடுமாம், "இரட்டைச் சக்தி" என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். குறிப்பு எண் ஏழு. குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவி, அதன்மேல் வினிகர் தெளித்து, பத்து நிமிடம் கதவைச் சாத்தி வைக்க வேண்டுமாம்.

நான்காவது குறிப்பைப் படித்துச் சிரித்தேன். ஏழாவதைப் படித்துப் பயந்தேன். முதலில் சிரிப்பு வந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்தால்தான் மற்றதும் புரியும்.

அமிலம் என்பது என்ன? ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிற பொருள். காரம் என்பது அதை வாங்கிக்கொள்கிற பொருள். அவ்வளவுதான். 1923-இல் டென்மார்க்கில் பிரான்ஸ்டெட் என்பவரும் இங்கிலாந்தில் லௌரி என்பவரும் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியாகச் சொன்ன விளக்கம் இது, பிளஸ் டூ பசங்களுக்கு மனப்பாடம். புளியோ எலுமிச்சையோ வினிகரோ கறையைக் கரைக்கிறது என்றால் அந்தக் கொடுக்கிற குணத்தால்தான் கரைக்கிறது. சாம்பலும் வாஷிங் சோடாவும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது என்றால் வாங்குகிற குணத்தால்தான். இப்போது இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் என்ன ஆகும்? கறை வரும்வரை காத்துக்கொண்டா இருக்கும்? ஒன்று கொடுக்க, ஒன்று வாங்க, பாட்டிலுக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடும். பாத்திரத்துக்கும் குழாய்க்கும் போய்ச் சேரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

அது கொஞ்ச நஞ்சமாவது மிச்சம் இருக்கும் அல்லவா என்று என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 கிராம் அசிட்டிக் அமிலத்துக்கு 84 கிராம் சமையல் சோடா சரிக்குச் சரி. வினிகரில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்குதான் அமிலம், மற்றதெல்லாம் தண்ணீர். கால் கப், அதாவது 60 மில்லியில் இரண்டரை முதல் மூன்று கிராம் அமிலம் இருக்கும், அது மூன்றரை முதல் நான்கு கிராம் சோடாவைத் தின்றுவிடும். அரைப் பழச் சாற்றிலிருக்கும் சிட்ரிக் அமிலம் இன்னொரு கிராமைத் தின்னும். ஒரு டீஸ்பூன் சோடா சுமார் ஐந்து கிராம். ஆக, உங்கள் குறிப்பு எழுதியவர் தராசு வைத்து நிறுத்தது போல இரண்டு பக்கத்தையும் துல்லியமாகக் காலி செய்திருக்கிறார்! எங்கள் ஆய்வகத்தில் பசங்கள் ஒரு மணி நேரம் மெனக்கெட்டுச் செய்யும் நடுநிலையாக்கலை இவர் ஒரு கரண்டியில் முடித்துவிட்டார். மிஞ்சுவது சோடியம் அசிட்டேட், கொஞ்சம் சோடியம் சிட்ரேட், தண்ணீர். உப்புத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சளசளவென்று பொங்குகிறதே, அது? அது கார்பன் டை ஆக்சைடு. பார்க்க நன்றாக இருக்கும், வீடியோவில் இன்னும் நன்றாக இருக்கும். அடைபட்ட சிங்க் குழாயில் ஊற்றினால் அந்தக் குமிழி அழுக்கைக் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கும், அது உண்மை, இல்லை என்று சொல்ல மாட்டேன். கறையைக் கரைக்கும் வேலை அதற்குத் தெரியாது.

அப்புறம் அந்த "இறுக்கி மூடி". ஐந்து கிராம் சோடா முழுக்க வினை புரிந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் வாயு வரும். அரை லிட்டர் பாட்டிலில் அதை அடைத்து மூடியைத் திருகி, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சமையல் மேடையில் வைக்கச் சொல்கிறீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் உப்பிப் போய் மூடி தெறிக்கும். கண்ணாடி பாட்டில் என்றால் நினைக்கவே வேண்டாம்.

நான் சும்மா சொல்லவில்லை, செய்தும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூடாமல், ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில். பொங்கி அடங்கியதும் மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்திய காகிதத் துண்டு ஒன்றை அதில் தோய்த்தேன். மஞ்சளாகவே இருந்தது. பக்கத்திலேயே துணி சோப்புத் தண்ணீரில் இன்னொரு துண்டு, அது உடனே செங்கல் நிறத்துக்குப் போனது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அதே சங்கதிதான். வெள்ளை வேட்டியில் விழுந்த சாம்பார் கறையில் சோப்பு போட்டதும் சிவந்துபோய் நம்மைப் பதற வைப்பதும் இதுதான், அலசி அலசி சோப்பு போனதும் திரும்ப மஞ்சளாகிவிடும். மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், அமிலத்துக்கு வேறு ஆள் வேண்டும். வாசலில் சங்குப்பூக் கொடி இருக்கிறது, நாலு பூவைப் பறித்து வெந்நீரில் போட்டேன். அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா தாண்டி இளஞ்சிவப்பு வரை போகும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சைச் சாயல் வரும். உங்கள் இரட்டைச் சக்தியை விட்டேன். நீலம் நீலமாகவே இருந்தது. லிட்மஸ் தாள் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

சரி, அந்தத் தண்ணீரை வீணாக்குவானேன் என்று கொல்லைக் குழாயில் தேய்த்தேன். எங்கள் போர்வெல் தண்ணீர் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும், கால்சியம் கார்பனேட். அசையவில்லை. அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேனின் பிசுக்கில் தேய்த்தேன், பச்சைத் தண்ணீர் எவ்வளவு எடுக்குமோ அவ்வளவு எடுத்தது. பிறகு வெறும் வினிகரில் துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்தேன். தேங்காய் நாரால் ஒரு தேய், ஓடு உதிர்ந்து வந்தது. ஃபேனுக்கு வாஷிங் சோடாவும் வெந்நீரும். தனித்தனியாக இரண்டும் நல்ல வேலைக்காரர்கள்தான்.

இதில் புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் அம்மா வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் குத்துவிளக்கு தேய்ப்பார். முதலில் சாம்பல், எண்ணெய்ச் சிக்கு போவதற்கு. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். கழுவிவிட்டு அப்புறம் புளி. பித்தளையில் ஏறிய கறுப்பையும் பச்சைக் களிம்பையும் எடுக்க. அது அமிலம். நடுவில் ஒரு கழுவல், அதை விடவே மாட்டார். சாம்பலையும் புளியையும் ஒன்றாகப் பிசைந்து அவர் தேய்த்து நான் பார்த்ததில்லை. உடனே "நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அம்மாவுக்கு அயனியும் தெரியாது ஒன்றும் தெரியாது. சேர்த்துத் தேய்த்தால் விளக்கு பளபளக்கவில்லை, அதனால் சேர்க்கவில்லை. இதே அம்மாதான் எனக்குத் தேனீ கொட்டியபோது சுண்ணாம்பு தடவினார், தேனீயின் விஷம் அமிலம், சுண்ணாம்பு அதை முறிக்கும் என்று பின்னால் பள்ளியிலும் ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். உண்மையில் தேனீ விஷத்தில் நம்மைத் துடிக்க வைப்பது மெலிட்டின் என்ற புரதத் துணுக்கு, அது தோலுக்கு அடியில் இறங்கிய பிறகு மேலே எதைப் பூசி என்ன. கொடுக்கை உடனே எடுத்துவிட்டு, கழுவி, ஐஸ் வைப்பதுதான் உதவும்.

கலக்கவே கூடாதா என்றால், கலக்க வேண்டிய இடம் அடுப்பங்கரையில் இருக்கிறது. புளித்த மாவில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அங்கே நமக்கு வேண்டியதே அந்தக் குமிழிதான், புளிப்பும் கொஞ்சம் குறையும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தும் அப்படித்தான், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போய் வயிற்று அமிலத்தைத் தணிக்கிறது. அங்கே அமிலத்தைக் காலி செய்வதுதான் நோக்கம், கறையைப் போக்குவது அல்ல.

அதே பக்கத்தின் மூலையில் "காரத் தண்ணீர் குடித்தால் ரத்தம் சுத்தமாகும்" என்ற துணுக்கையும் பார்த்தேன். ரத்தத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கிறது, நிறுத்துவது நுரையீரலும் சிறுநீரகமும். குடிக்கிற தண்ணீர் முதலில் விழுகிற இடம் வயிறு, அங்கே பிஎச் இரண்டை ஒட்டி இருக்கும். இந்த பிஎச் கணக்கு, 1909-இல் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் என்பவர் கொண்டுவந்தது, ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்று அர்த்தம். சுத்தத் தண்ணீரின் ஏழுக்கும் வயிற்றின் இரண்டுக்கும் நடுவில் ஐந்து படி, அதாவது லட்சம் மடங்கு. உங்கள் எட்டரை பிஎச் தண்ணீர் அந்தக் குளத்தில் ஒரு வாய்கூடத் தாக்குப்பிடிக்காது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி ஏழாவது குறிப்பு.

பிளீச்சிங் பவுடர் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். சுண்ணாம்பு ஒரு காரம், அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பஞ்சாயத்தில் வாய்க்கால் ஓரம் தூவுகிறார்களே, அந்தப் பொடி அதுதான். பிடித்து வைத்திருப்பது காரம் என்றால், அதில் அமிலத்தை ஊற்றினால் என்ன நடக்கும்? பிடி விட்டுப்போகும். குளோரின் வாயுவாக வெளியே வரும். ஒரு பிளீச்சிங் பவுடர் மாதிரியில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்கிற முறையே இதுதான், பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, அசிட்டிக் அமிலம் விட்டு, வெளிவருகிற குளோரின் விடுவிக்கும் அயோடினை அளந்து பார்ப்போம். அசிட்டிக் அமிலம் என்றால் வினிகரில் இருக்கும் அதே அமிலம். நாங்கள் குடுவையில் கொஞ்சமே கொஞ்சம் எடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ததை, நீங்கள் குளியலறையில் கைநிறையத் தூவி, கதவைச் சாத்திக்கொண்டு செய்யச் சொல்கிறீர்கள். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ரே என்ற ஊரின் அருகே ஜெர்மன் படை எதிரிப் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் குழிக்குள் இறங்கித் தங்கியது. நம் குளியலறையிலும் தரையோடுதான் தங்கும். தரையில் குந்தி உட்கார்ந்து பிரஷ் போடுகிறவரின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

எனக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானே செய்திருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால், பொங்கலுக்கு வீடு கழுவுகிற வேகத்தில். முதல் நாள் இரவு கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் தூவியதை மறந்துவிட்டேன். போகி அன்று காலையில் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கிய ஆசிட்டை மூடி திறந்து அப்படியே ஊற்றினேன், லேபிள் இல்லாத பாட்டில், எவ்வளவு வீரியம் என்று யாருக்குத் தெரியும். சின்ன வென்டிலேட்டர், சாத்திய கதவு. ஒரு மாதிரி பச்சையும் மஞ்சளுமாக ஏதோ எழும்பியது, அதைக் கண்ணால் பார்த்ததாக நினைவு, அதற்குள் தொண்டையில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டியது போல. இருமிக்கொண்டே தாழ்ப்பாளைத் தேடினேன், கண் திறக்க முடியவில்லை. வெளியே ஓடி வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர், தெருவில் டயர் கொளுத்துகிறார்கள், உள்ளே போ என்கிறார்! போகிப் புகை என்று நினைத்துவிட்டார். கையை ஆட்டித்தான் புரிய வைத்தேன். மருத்துவமனையில் ஆவி மருந்து கொடுத்து மாலை வரை படுக்க வைத்திருந்தார்கள், நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துக்கூட நடக்கும் என்பதால். இரண்டு நாள் குரலே இல்லை, வீட்டில் எல்லோருக்கும் அது அமைதியான பொங்கல். அன்றைக்கு நான் பணியில் இருந்த ஆய்வக உதவியாளர். தெரிந்தவளுக்கே ஒரு நொடியில் கை தவறுகிறது என்றால், பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்று நம்பிச் செய்கிறவர்களை யோசியுங்கள்.

பிளீச்சிங் பவுடர் மட்டுமல்ல, பாட்டிலில் வரும் திரவ பிளீச்சும் இப்படித்தான். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமின், அதுவும் மூச்சை அடைக்கும். அடைப்பு எடுக்க எரிசோடா போட்ட குழாயில் ஆசிட் ஊற்றினால் வாயு வராது, ஆனால் வருகிற சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

தெறித்தால் என்ன செய்வது என்பதிலும் ஒரு தப்பு நடக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பையன் கையில் அமிலத்தைக் கொட்டிக்கொண்டான். பக்கத்து மேசைப் பையன், பாடத்தை ஒழுங்காகப் படிக்கிறவன், சோடியம் ஹைட்ராக்சைடு புட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான், நடுநிலையாக்கப் போகிறானாம்! புட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அடிபட்டவன் கையைக் குழாயடியில் பிடித்து இருபது நிமிடம் விடவில்லை நான். எரிகிற தோலின் மேலேயே அமிலமும் காரமும் சேர்ந்தால் அந்தச் சூடும் அதே தோலுக்குத்தான். கணக்கு ஒரு சொட்டு தப்பினாலும் அப்புறம் காரம் தன் பங்குக்குச் சுடும். தண்ணீர், தண்ணீர், நிறையத் தண்ணீர். வாய் வழியாக உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும். நேராக மருத்துவமனை.

ஆசிட் என்றால் பயப்படுகிறோம், காரம் என்றால் சாது என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. கண்ணில் விழுந்தால் அமிலத்தைவிடக் காரம்தான் பெரும்பாலும் மோசம். அமிலம் பட்ட இடத்தில் புரதத்தை உறைய வைத்து அந்த உறையாலேயே ஓரளவு தடைபட்டு நிற்கும், காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். எங்கள் ஊர் வெற்றிலைக்குப் பேர் போன ஊர், பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை சுண்ணாம்புப் பாக்கெட் தொங்கும். பிள்ளைகள் அதைக் கையில் வைத்து அமுக்கி விளையாடும்போது பாக்கெட் வெடித்துக் கண்ணில் பீச்சியடித்துப் பார்வை போயிருக்கிறது, கண் மருத்துவர்கள் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சுண்ணாம்பு நீரின் பிஎச் பன்னிரண்டுக்கு மேல். இதைப் பற்றி ஒரு துணுக்கு போட்டீர்களானால் பக்கத்தின் மூலைக்குப் பிரயோஜனம் உண்டு.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம், ஆனால் என் மேடை பாழாய்ப்போன கோபம் இருக்கிறது. "எல்லாத் தரைக்கும் மேடைக்கும் எலுமிச்சை" என்று ஒன்பதாவது குறிப்பு. கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல் வகை. மொசைக் தரையில் பதித்திருப்பது பெரும்பாலும் சலவைக்கல் சில்லு. இரண்டும் அமிலத்தில் கரையும். பிழிந்த எலுமிச்சைத் தோலை ஒரு ராத்திரி கடப்பா மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டேன், காலையில் எட்டணா அளவு வெளிறிய வட்டம், இன்றுவரை அப்படியே இருக்கிறது. கிரானைட் இதற்கெல்லாம் அசையாது. அலுமினியப் பாத்திரம் இரண்டுக்கும் பொதுவான சோப்ளாங்கி, புளி போட்டாலும் அரிக்கும், வாஷிங் சோடா போட்டாலும் கறுக்கும்.

ஆசிரியர் அவர்களே, வீட்டுக் குறிப்பை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, முதலில் நான் திருப்புகிற பக்கமும் அதுதான். நான்காவதை விட்டுத்தள்ளுங்கள், ஒரு எலுமிச்சம்பழம் நஷ்டம், மூடியைத் திருகாதவரை. ஏழாவதுக்கு மட்டும் இந்த ஞாயிறே திருத்தம் வர வேண்டும். வருத்தம் தெரிவித்து ஆறாம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் போடாமல், குறிப்பு வந்த அதே இடத்தில், அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் அந்தப் பக்கத்தை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு வீட்டில் நானே போய் ஏழாவதை பேனாவால் அடித்துவிட்டு வந்தேன், மூன்றாவது வீட்டில் ஊருக்குப் போயிருக்கிறார்கள், பூட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
கும்பகோணம்.